உருளோட்டு ஞாயிறுகள்

பலெர்மோ,
12 ஜனவரி 2025

பெருமதிப்புக்குரிய, வருங்கால அருட்சகோதரி எமிலியானா அவர்களுக்கு,

இதனால் சகலருக்கும் அறியத் தருவது யாதெனில்: இன்று முற்பகல் பகேரியா நகரில், பெருந்திரளான பொதுமக்கள் (அப்பா, நான், ஒரு பூனை) முன்னிலையில், யோசேப் குடும்பத்தாரின் கேரவனுக்கு யன்னல் சீலை பூட்டப்பட்டது. இந்த உயர் பதவிக்கு அம்மாவின் பழைய கத்தரிப்பூ நிறச் சேலை ஏகமனதாகத் தெரிவானது. விழா இனிதே நிறைவுற்றது. பூனைக்கு மீன் தலை வழங்கப்பட்டது.

அறிவிப்பு முடிந்தது. இனிக் கடிதம்.

அக்கா, இங்கே மூன்று பேரும் சுகம். உங்கள் சுகத்தை எழுதுங்கள். கைத்தொலைபேசியைப் பறித்துவிட்டுப் பேனையைக் கையில் தருகிற மடத்துக்கு நீங்கள் போனதால், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் நான் நித்திரை கொள்ளாமல் இருந்த சொற்ப நேரம் இப்போது பலன் தருகிறது. இத்தாலிய மொழியில் எழுதினால் உங்கள் மதர் பிரித்து வாசிப்பார் என்றீர்கள். தமிழில் எழுதினால் பிரிப்பார், ஆனால் புரியாது.

"எங்களுக்கு ஏது கேரவன்?" என்று நீங்கள் கேட்பது பலெர்மோ வரை கேட்கிறது. சோதிலிங்கம் மாமா குடும்பத்தோடு லண்டன் போய்விட்டார். போகும்போது கேரவனையும் அதை இழுக்கும் பழைய வானையும் அப்பாவின் தலையில் கட்டிவிட்டார். எங்கள் ஒழுங்கையில் ஒரு சைக்கிளை நிறுத்தவே இடம் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் அது பகேரியாவில், மாமாவின் சிநேகிதர் ஒருவரின் முற்றத்தில் நிற்கிறது. ஞாயிறு காலையில் ரயிலில் போய் எடுக்கிறோம். இத்தாலியர் அதை ருலோட் என்கிறார்கள். நான் தமிழ்ப்படுத்திவிட்டேன்: உருளோட்டு. உருண்டு ஓடுவதால் உருளோட்டு. கேரவன் என்ற பெயரும் பொருத்தம்தான். கேட்பார் அற்றவன், கேரவன்.

முதல் பயணம் பிக்கூசா காட்டுக்கு. பெரிய பாறை மலையின் கீழே ஓக் மரங்கள். உருளோட்டை நிறுத்திவிட்டு மூவரும் "பறவைநாகக் குளம்" என்ற இடம் வரை நடந்தோம். வழிகாட்டி நான். பாறைக்கு நடுவே பச்சைத் தண்ணீர். அப்பா சொன்னார், "நாகத்தைக் கண்டால் முதலிலை எனக்குச் சொல்லு, நான் ஓடவேணும்." அம்மா சொன்னார், "நாகம் வந்தால் என்ன, எனக்கு ஒரு தாகமும் இல்லை." அப்படிச் சிரித்தோம். வரும்போது அப்பா களைத்துவிட்டார், அம்மா களைத்துவிட்டார், நான் மட்டும் களைக்கவில்லை. உங்கள் தம்பிக்குக் கால் அல்ல, கால்வாய். ஓடிக்கொண்டே இருக்கும்.

நீங்கள் துறவி, நான் திறவி. கேரவன் கதவுத் திறப்பு என்னிடம்தான் இருக்கிறது.

நீங்கள் இல்லாதது ஒரு குறையாகவே தெரியவில்லை என்பதைத் தாழ்மையுடன் அறியத் தருகிறேன்.

உருளோட்டுத் தளபதி,
றெஜி


நவகன்னியர் இல்லம், ஊம்பிரியா,
2 பெப்ரவரி 2025

அன்புத் தம்பி றெஜிக்கு,

யேசுவுக்குத் தோத்திரம். நான் சுகமாக இருக்கிறேன். இங்கே குளிர் எலும்புக்குள் போகிறது. காலையில் சலவை அறையில் வேலை. கைவிரல்கள் வெடித்திருக்கின்றன, அதற்கு மதர் ஒரு களிம்பு தந்தார். அம்மாவிடம் இதைச் சொல்லாதே. உன் கடிதத்தைச் சலவை அறையில் நின்று வாசித்துச் சிரித்தேன். கூட நின்ற கென்ய நாட்டுப் பிள்ளை என்னவென்று கேட்டாள். சிலேடையை எப்படி விளங்கப்படுத்துவது? "என் தம்பிக்குக் கால் கால்வாய்" என்று சொன்னேன். பாவம், உனக்கு ஏதோ வருத்தம் என்று நினைத்துச் செபமாலை சொல்கிறாள்.

கேரவன் வந்தது சந்தோசம். அம்மா காட்டில் நடந்தது அதைவிடச் சந்தோசம். ஆனால் ஒன்று கேட்கிறேன், பகிடி விடாமல் பதில் எழுது.

ஜூலை முடிவதற்குள் முதல் துறவற வார்த்தைப்பாட்டுக்கான விண்ணப்பத்தை நான் மதரிடம் கொடுக்க வேண்டும். கொடுத்தால் செப்டம்பரில் வார்த்தைப்பாடு. கொடுக்காவிட்டால் வீட்டுக்கு வரலாம். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை என்று மதரே சொன்னார். நான் வெளிக்கிடும்போது அம்மாவிடம் ஒரு சொல் கொடுத்தேன். என் மாலை வேலையை, அந்த வக்கீல் கந்தோர் கூட்டித் துடைக்கும் வேலையை, அம்மா தன் தலையில் போடக் கூடாது. போட்டால் நான் திரும்பி வந்துவிடுவேன். "அதை வேறை ஆளுக்குக் குடுத்தாச்சு, நீ போ" என்று சொல்லித்தான் அம்மா என்னை ரயில் ஏற்றினார்.

உண்மையாகவே கொடுத்தாரா? அம்மாவைக் கேட்டால் சொல்லமாட்டார். அப்பாவும் அம்மா சொன்னதையே சொல்வார். இங்கிருந்து நான் வீட்டைப் பார்ப்பது உன் கடிதத்துக்குள்ளால்தான்.

சாம்பல் புதனிலிருந்து உயிர்த்த ஞாயிறு வரை இங்கிருந்து கடிதம் போகாது. உங்கள் கடிதம் வரலாம், நான் வாசிக்கலாம், பதில் எழுத முடியாது. அதற்கு முன் எழுத நேரம் கிடைக்குமோ தெரியாது. நீ எழுதிக்கொண்டிரு.

செபத்தில் நினைக்கும்
அக்கா எமிலியானா


பலெர்மோ,
16 பெப்ரவரி 2025

சலவைத் துறவி அக்காவுக்கு,

நாங்கள் சுகத்திலும் சுகம். கென்ய அக்காவுக்கு என் காலின் சார்பில் நன்றி. செபம் பலித்துவிட்டது, இப்போது இன்னும் வேகமாக ஓடுகிறது.

கேள்விக்குப் பதில்: கந்தோர் வேலையை விஜிதா அக்கா செய்கிறா. முற்றுப்புள்ளி.

இந்த முறை மடோனியே மலைக்குப் போனோம். மடோன்னா அல்ல, மடோனியே. மாதாவின் பெயர் மழையில் கொஞ்சம் கரைந்து மலையாகிவிட்டது என்பது என் ஆராய்ச்சி. வளைந்து வளைந்து ஏறும் வழியில் வான் இருமியது. அப்பா அதன் தலையைத் தடவி, "என்ரை ராசா, இன்னும் கொஞ்சம்" என்றார். அங்கே வீட்டுக் கூரையைவிட உயரமான முள்ளிலை மரங்கள் இருக்கின்றன. கிறிஸ்மஸ் வாழ்த்து மட்டையில் ஒரு கிளையாகப் பார்த்திருப்பீர்களே, அதே மரம்தான். உள்ளே போனால் பகலிலும் இருட்டு, கீழே இலை மெத்தை. அம்மா என்னைக் கடந்து முன்னாலே போய்விட்டார். "அம்மா, மெதுவாய்!" என்று நான் கத்த, "நான் மெதுவாய்த்தான் போறன், இலைதான் மெது மெது எண்டு தள்ளுது" என்றார். அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. நான் என் மூச்சில் கொஞ்சம் கடன் கொடுத்தேன்.

மற்றப்படி வீட்டில் விசேசம் இல்லை. கீழே உள்ள பார் இப்போது கதிரைகளை எங்கள் வாசல்படி வரை போட்டிருக்கிறது. உல்லாசப் பயணிகள் பாடுகிறார்கள். நான்காம் மாடி வரை சுருதி பிசகாமல் கேட்கிறது. உங்கள் கட்டிலின் மேல் என் புத்தகங்கள், அவற்றின் மேல் அம்மாவின் உடுப்புகள், அவற்றின் மேல் அப்பாவின் உடுப்புகள். மடிக்க நேரம் இல்லை. அதாவது, நடக்கப் போவதால் நேரம் இல்லை.

"அவளுக்குக் கண்டதையும் எழுதாதை" என்று அம்மா சொல்லச் சொன்னார். அதாவது, எனக்குச் சொன்னார். நான் கண்டதை மட்டும்தான் எழுதுகிறேன்.

மலைநாட்டு மன்னன்,
றெஜி


பலெர்மோ,
16 மார்ச் 2025

பதில் எழுத முடியாத, ஆகையால் மறுத்துப் பேசவும் முடியாத அன்பு அக்காவுக்கு,

என்ன வசதி! உங்கள் மடத்தின் தவக்காலச் சட்டத்தை எல்லாக் குடும்பங்களிலும் கொண்டுவர வேண்டும். நாங்கள் சுகம். நீங்கள் சுகம் என்றே வைத்துக்கொள்கிறேன்.

இன்று பியானா ஏரிக்குப் போனோம். மேகம் ஏரிக்குள் விழுந்து கிடந்தது. கரையோரமாக ஒரு மண் பாதை. அதில் நடந்து, ஏரியின் மற்றப் பக்கம் போய், ஒரு குன்றில் ஏறி இறங்கினோம். வழியில் காட்டுப் பெருஞ்சீரகம் இடுப்பு உயரத்துக்கு நின்றது. அம்மா ஒரு கட்டு பிடுங்கினார். திரும்பி வந்து கல் அடுக்கி நெருப்பு மூட்டி, அம்மா பன்றி இறைச்சிச் சல்சிச்சா சுட்டார். பன்றிக் கொழுப்பு நெருப்பில் சொட்டிச் சொட்டிப் பேசியது. அப்பா ஒன்றை வாய்க்குள் போட்டுவிட்டு, "மலர், இது சல்சிச்சா இல்லை, சொல் சிறிசா இருந்தாலும் சுவை பெரிசு" என்றார். அம்மா, "பேச்சைக் குறைச்சுப் பெருஞ்சீரகத்தைத் தின்னுங்கோ" என்றார். நான் நான்கு தின்றேன். பிறகு தனியாக இன்னொரு குன்றிலும் ஏறி இறங்கினேன், செமிக்க வேண்டுமே.

பக்கத்தில் கேரவனோடு ஒரு ஜெர்மன் குடும்பம் நின்றது. மேசை, குடை, நாய்க்கு ஒரு கட்டில். அவர்கள் எங்களைப் பார்த்துக் கை அசைத்தார்கள். அவர்கள் எங்களை என்ன நினைத்திருப்பார்கள்? ஓய்வு எடுக்க வந்த குடும்பம் என்றுதான். எனக்கு அது பிடித்திருந்தது.

அம்மா நன்றாகவே நடக்கிறார் என்பதை மீண்டும் ஒருமுறை உறுதிப்படுத்துகிறேன். நீங்கள் அங்கே நிம்மதியாகச் சலவை செய்யலாம். இங்கே யாரும் உங்களைத் தேடி அழவில்லை. நான் குறிப்பாக அழவில்லை.

ஏரிக்கரைச் சக்கரவர்த்தி,
றெஜி


பலெர்மோ,
6 ஏப்ரல் 2025

அக்காவுக்கு,

சுகம். இன்று மழை. போனோம், வந்தோம். எங்கே என்று பிறகு எழுதுகிறேன். நடந்து நடந்து எனக்கே சலிப்பு வந்துவிட்டது. எழுத உட்கார்ந்தால் பேனை தானாகப் பொய்... போய்விடுகிறது என்று எழுத வந்தேன். கை பிசகிவிட்டது.

வெள்ளைத் தாள் முடிந்துவிட்டதால் கணக்குக் கொப்பியில் கிழித்த தாள். மன்னிக்கவும்.

றெஜி


நவகன்னியர் இல்லம், ஊம்பிரியா,
22 ஏப்ரல் 2025

அன்புத் தம்பி றெஜிக்கு,

உயிர்ப்புப் பெருவிழா வாழ்த்துக்கள். உனக்கும் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஆண்டவரின் சமாதானம். நான் சுகம், விரல் வெடிப்பும் ஆறிவிட்டது.

தவக்காலம் முழுக்க ஒரு கேள்வியை வாய்க்குள் வைத்துக்கொண்டு சலவை செய்தேன். இப்போது கேட்கிறேன்.

அம்மா தவக்காலத்தில் சல்சிச்சா சுட்டாரா?

எங்கள் அம்மாவா? மன்னாரில் பிறந்து, நாற்பது நாளும் வீட்டுச் சட்டியில் இறைச்சி வாசம் படவிடாத அற்புதமலரா? நான் வேலை செய்த இடத்தில் தந்த, பிரிசூத்தோ இறைச்சி வைத்த ரொட்டியைத் தெரியாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, அதை எடுத்துக் கீழ்வீட்டு நாய்க்குப் போட்டுவிட்டு, ரொட்டி வைத்த கோப்பையை வெந்நீர் ஊற்றிக் கழுவினாரே, அந்த அம்மாவா? கதை கட்டுகிறவன் கலண்டரைப் பார்த்துக் கட்ட வேண்டாமா? சல்சிச்சா இல்லையடா, சிச்சீ.

அதன் பிறகு உன் பழைய கடிதங்களை எடுத்து வாசித்தேன். அம்மா "நாகம், தாகம்" என்கிறார். "மெதுவாய், மெது மெது" என்கிறார். அப்பா "சொல் சிறிசு" என்கிறார். றெஜி, எங்கள் அம்மா எப்போதடா சிலேடை பேசினார்? அம்மா கதைத்தால் "சாப்பிட்டியோ", "படிச்சியோ", "கதவைப் பூட்டு" என்று மூன்று வசனம்தான். உன் கடிதத்தில் மூன்று பேரும் உன் வாயாலேயே கதைக்கிறார்கள். நடப்பதும் உன் காலாலேயே நடக்கிறார்களோ என்று பயமாக இருக்கிறது.

கோபம் இல்லை. ஆனால் எனக்கு விண்ணப்பம் கொடுக்க மூன்று மாதம்தான் இருக்கிறது. அம்மா நடக்கிறாரா, இல்லையா? கந்தோர் வேலையை யார் செய்கிறார்கள்?

அக்கா எமிலியானா


பலெர்மோ,
4 மே 2025

துப்பறியும் துறவி அக்காவுக்கு,

உயிர்ப்பு வாழ்த்துக்கள். எல்லோரும் சுகம்.

சல்சிச்சா விவகாரம் தொடர்பாக எதிர்த்தரப்பு விளக்கம் பின்வருமாறு. ஒன்று, அது சோயா சல்சிச்சா. இரண்டு, பன்றிக் கொழுப்பு சொட்டியது என்று எழுதியது இலக்கிய நயத்துக்காக. மூன்று, சோயாவும் சொட்டும். சிலேடை விவகாரம்: மலைக் காற்றுப் பட்டால் யாருக்கும் வரும். உங்களுக்கே "சல்சிச்சா, சிச்சீ" என்று வந்திருக்கிறதே, ஊம்பிரியாவும் மலைதானே?

கடந்த ஞாயிறு கல்தவூத்துரோ பக்கம் போனோம். பாதாம் மரங்கள். நடை நன்றாக இருந்தது. என் நடையைச் சொல்கிறேன், வசன நடையை அல்ல.

பள்ளிக்கூடத்தில் கணக்கு ஆசிரியரின் கதிரையில் ஒட்டுத்தாள் ஒட்டினேன். பிடிபடவில்லை. முன்பு என்றால் இதை உங்களிடம் சொல்லி, நீங்கள் சிரித்துவிட்டு ஏசுவீர்கள். இப்போது அம்மாவிடம் சொன்னேன். "ம்" என்றார். சட்டியைக் கழுவிக்கொண்டே இன்னொருமுறை "ம்" என்றார். நான் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை.

இதற்கு மேல் எழுதினால் ஏதாவது எழுதிவிடுவேன்.

எதிர்த்தரப்பு வக்கீல்,
றெஜி


நவகன்னியர் இல்லம், ஊம்பிரியா,
18 மே 2025

தம்பி,

வக்கீல் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாய். அந்த வக்கீல் கந்தோரைக் கூட்டுகிறது யார்?

அக்கா


பலெர்மோ,
1 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். இங்கே சுகமா என்பதை வாசித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

அம்மாதான் கூட்டுகிறார். நீங்கள் போன அடுத்த திங்களிலிருந்து. காலையில் இரண்டு வீடு, பின்னேரம் ஒரு வீடு, அதன் பிறகு உங்கள் கந்தோர். அப்பாவும் விடியலில் வியா மக்வேதா தெருவில் கடை துடைக்கும் வேலை ஒன்றைச் சேர்த்துக்கொண்டார். விஜிதா அக்கா பிள்ளைப்பேற்றுக்காகத் தன் அம்மாவிடம் போய்விட்டா, அவவுக்கு இதில் ஒரு சம்பந்தமும் இல்லை. உங்களுக்குச் சொன்னால் என் தோலை உரிப்பேன் என்று அம்மா சொல்லியிருக்கிறார். தோல் இருக்கும் வரை எழுதுகிறேன்.

ஞாயிறு இப்படித்தான் நடக்கும். அப்பா வானை ஓட்டுவார். இடத்தை அவர் தெரிவு செய்வது அழகைப் பார்த்து அல்ல. கைத்தொலைபேசியைப் பார்த்துத்தான். சிக்னல் கோடு ஒன்று தெரிந்தாலும் அடுத்த வளைவுக்குப் போவார். ஒரு கோடும் இல்லாத இடம் வந்ததும், "சரி, இஞ்சை காணும்" என்று நிறுத்துவார். நாங்கள் வீட்டில் இருந்தால், அம்மா வேலை செய்யும் வீட்டுச் சிஞ்ஞோரா தொலைபேசியில் எடுப்பார், ஞாயிறிலும் எடுப்பார். ஒரு மணித்தியாலம் வந்து போ என்பார், அம்மாவும் போவார். இங்கே எடுக்க முடியாது. பிக்கூசா, மடோனியே, பியானா எல்லாம் அப்படிக் கிடைத்த இடங்கள்தான்.

நிறுத்திய பிறகு மூவரும் கேரவனுக்குள் போவோம். அம்மா கட்டிலில் இருப்பார், சப்பாத்தைக் கழற்றக் குனிவார், குனிந்தபடியே சரிந்துவிடுவார். அப்பா "நான் ஒரு கண் மூடிட்டு வாறன், பிறகு நடப்பம்" என்பார். மற்றக் கண்ணும் மூடிவிடும். பின்னேரம் வெயில் சரிகிற வரை இரண்டு பேரும் அசையமாட்டார்கள். அம்மாவின் சப்பாத்தை நான்தான் கழற்றுவேன். கால் வீங்கி, காலுறை அழுந்திய அடையாளம் வளையமாக இருக்கும். கத்தரிப்பூச் சீலையை இழுத்து மூடிவிட்டு வெளியே வந்து படியில் இருப்பேன், யாரும் தட்டக் கூடாது என்று. ஒருமுறை மலையேற வந்த ஒரு சோடி, "உள்ளே எல்லாம் சரியா?" என்று கேட்டது. "நித்திரை" என்றேன். அவர்கள் மெதுவாக, கல்லில் சத்தம் வராமல் நடந்து போனார்கள்.

அம்மா காட்டில் ஒரு அடி நடக்கவில்லை, அக்கா. அப்பாவும் இல்லை.

இப்போது என்ன செய்வது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

றெஜி


நவகன்னியர் இல்லம், ஊம்பிரியா,
15 ஜூன் 2025

என் அன்புத் தம்பி றெஜிக்கு,

யேசுவுக்குத் தோத்திரம். உன் கடிதம் வந்த அன்று என்னால் சாப்பிட முடியவில்லை. பெட்டியை எடுத்துக் கட்டிலில் வைத்தேன். மதரிடம் போய், "நான் வீட்டுக்குப் போறன்" என்றேன். அவர் ஏன் என்று கேட்டார். உன் கடிதத்தை வரி வரியாக இத்தாலிய மொழியில் வாசித்துக் காட்டினேன். அம்மாவின் சப்பாத்து வந்த இடத்தில் அவர், "திரும்ப வாசி" என்றார். பிறகு ஒன்று கேட்டார். "நீ வீட்டில் இருந்த காலத்தில் உன் அம்மா பகலில் படுத்ததைக் கண்டிருக்கிறாயா?"

யோசித்துப் பார்த்தேன். இல்லை. காய்ச்சலிலும் கதிரையில் நிமிர்ந்துதான் இருப்பார். நான் வேலையால் வந்தால் எழும்பிச் சோறு போடுவார். "இருங்கோ அம்மா, நான் போடுறன்" என்றால், "நீ களைச்சு வந்திருக்கிறாய்" என்பார். நான் வந்தால் அம்மாவின் வேலை குறையாது, தம்பி. வாரத்தில் ஒரு நாள் காட்டில் படுக்கிறாரே, அதுவும் போய்விடும். ஞாயிறும் எழும்பி நின்று எனக்குப் பிடித்த நண்டுக் குழம்பு வைப்பார். எனக்கு அம்மாவைத் தெரியும்.

நீ எழுதிய பெருநடைகளை வாசித்தபோது எனக்கு ஒரு சந்தேகம் அரித்துக்கொண்டே இருந்தது. இந்தக் கடிதத்தை வாசித்த பிறகு அந்த அரிப்பு இல்லை. அழுகை இருந்தது, அது வேறு.

ஆனால் கந்தோர் வேலை அப்படியே இருக்க முடியாது. அம்மாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன், இந்த உறைக்குள்ளேயே இருக்கிறது. அவர் அதை விட்டுவிட்டேன் என்று தன் கையால் எழுதினால்தான் விண்ணப்பம் மதரின் மேசைக்குப் போகும். விடாவிட்டால் நான் வருவேன். இந்த முறை அம்மா என்னை ரயில் ஏற்றி ஏமாற்ற முடியாது. உன் தோலுக்கு நான் பொறுப்பு என்றும் எழுதியிருக்கிறேன்.

உண்மையை எழுதியதற்கு நன்றி. உனக்கு அது எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று தெரியும்.

அக்கா எமிலியானா


பலெர்மோ,
29 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். இது உண்மைச் சுகம், கொஞ்சம் களைத்த சுகம். அம்மா எழுதிய தாள் இதனோடு இருக்கிறது. ஒரே வரிதான். எழுத்துப் பிழையைத் திருத்த விடவில்லை.

உங்கள் கடிதத்தை அம்மா நின்றபடியே வாசித்தார். வாசித்து முடித்து என்னைப் பார்த்தார். "வாயிலை ஒண்டும் நிக்காதோடா உனக்கு?" என்றார். அப்பா, "நான் அஞ்சு மாசமாய்ச் சொல்லுறன், கேட்டியோ? மோள் சொன்னால்தான் கேப்பாய்" என்றார். அம்மா கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தார். பிறகு, "சரி, விடுறன். அவள் அங்கை நெஞ்சிலை பாரமில்லாமல் நிக்கட்டும்" என்றார். வெள்ளிக்கிழமை கந்தோர்த் திறப்பைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். அப்பாவின் விடியல் வேலை தொடர்கிறது. ஆகவே விண்ணப்பத்தைக் கொடுங்கள். உங்களுக்கு வார்த்தைப்பாடு. எனக்கு எப்போதும் வார்த்தைதான் பாடு.

இன்று பிக்கூசாவில் ஒரு அதிசயம் நடந்தது. அம்மா மத்தியானத்துக்கு முன்பே கண் விழித்துவிட்டார். தலையைக் கட்டிக்கொண்டு படியில் வந்து நின்று, "எழும்படா. நானும் நடந்தன் எண்டு அவளுக்கு எழுதினியாமே, அந்தக் குளத்தைக் காட்டு பாப்பம்" என்றார்.

நடந்தோம். முதலாவது வளைவில் பாதை இரண்டாகப் பிரிந்தது.

"எந்தப் பக்கம்?"

நான் வானத்தைப் பார்த்தேன்.

"டேய், எந்தப் பக்கம் எண்டு கேட்டன்."

"இலது பக்கம்" என்றேன். இடதும் வலதும் கலந்து வந்துவிட்டது.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீ இஞ்சாலை வந்ததே இல்லையோ?"

அதே நேரம் மேட்டில் இருந்து வெள்ளை நாய்கள் இரண்டு குரைத்துக்கொண்டு இறங்கின. ஆட்டுக்காவல் நாய்கள், கன்றுக்குட்டி அளவு. நான் அம்மாவுக்குப் பின்னால் போய்விட்டேன். பதினாறு வயது, அம்மாவைவிட ஒரு சாண் உயரம், அம்மாவின் ஜாக்கெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா கல் எடுப்பதுபோலக் குனிந்தார். குனிந்தது மட்டும்தான். நாய்கள் நின்று, யோசித்து, திரும்பிப் போய்விட்டன. அம்மா சிரித்தார். கால் வலிக்கிறது என்று ஒரு கல்லில் இருந்து, இன்னும் சிரித்தார். குளத்தைக் காணாமலே திரும்பிவிட்டோம்.

ஆகவே அக்கா, இதையும் எழுதிவிடுகிறேன். பறவைநாகக் குளம், முள்ளிலைக் காடு, ஏரியின் மற்றப் பக்கத்துக் குன்று, ஒன்றுக்கும் நான் போகவில்லை. வாகனம் நிறுத்துகிற இடத்தில் படம் போட்ட பலகை இருக்கும். அதைப் பார்த்து எழுதினேன். ஆறு மாதத்தில் நான் நடந்த மிக நீண்ட நடை, கேரவன் கூரை மறையாத தூரம் வரைதான். அது மறைந்தால் நெஞ்சு அடிக்கும், திரும்பிவிடுவேன். காவல் இருந்தேன் என்று எழுதியதிலும் பாதிதான் உண்மை. மீதி நேரம் உள்ளே போய் அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நானும் படுத்துவிடுவேன்.

கடைசியாக ஒன்று. உண்மையை எழுதியதற்கு நன்றி என்று எழுதியிருந்தீர்கள். அந்த நன்றியை நான் வைத்திருக்க முடியாது. அம்மாவின் கால், சப்பாத்து, எல்லாவற்றையும் வாசித்தால் நீங்கள் அன்றைக்கே ரயில் ஏறி வந்துவிடுவீர்கள் என்று நினைத்துத்தான் எழுதினேன். அம்மாவுக்காக இல்லை. ஞாயிறு முழுக்க எனக்குக் கதைக்க ஒருவரும் இல்லை. அதை எழுத வெட்கமாக இருந்தது. நான் விட்ட பகிடிகளிலேயே பெரிசு அந்த உண்மைதான். அதுவும் பலிக்கவில்லை.

செப்டம்பரில் மூவரும் உருளோட்டில் வருகிறோம். அப்பா வழி பார்த்துக்கொள்வார். என்னிடம் கேட்க வேண்டாம்.

உங்கள் தம்பி,
றெஜி